ரேடியேட்டரில் குறைந்தால் எந்தத் தண்ணீர்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை தங்கள் நாளிதழோடு வந்த கோடைகால வாகனப் பராமரிப்பு இணைப்பைப் படித்தேன். காருக்கு ஒரு முழுப் பக்கம், இருசக்கர வாகனத்துக்கு அரைப் பக்கம். டிராக்டருக்குக் கடைசியில் ஒரு பெட்டிச் செய்தி. அதிலும் என்ஜின் சூட்டை வெளியேற்றும் ரேடியேட்டர் பற்றி ஒரே ஒரு வரிதான்: தண்ணீர் குறைந்தால் உடனே ஊற்றி நிரப்பிக்கொள்ளச் சொல்லியிருந்தீர்கள். எந்தத் தண்ணீர், எதனால் குறைந்தது, சூட்டோடு மூடியைத் திறக்கலாமா, ஒன்றும் இல்லை. தர்மபுரி மாவட்டத்தில் அந்த ஒரு வரிப்படி நடந்தால் என்ன ஆகும் என்பதற்கு நானே சாட்சி. நீங்கள் எழுதுவதற்கு முன்பே, யாரும் சொல்லாமலேயே, இரண்டு வருஷம் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன்.

காரிமங்கலத்துக்குப் பக்கத்தில் எங்களுக்கு நாலு ஏக்கர் மேட்டு நிலம். கேழ்வரகு, கொஞ்சம் தக்காளி, வரப்போரம் பத்துத் தென்னை. 35 எச்.பி. டிராக்டர் ஒன்று இருக்கிறது, செகண்ட் ஹேண்டில் வாங்கியது. சொந்த நிலத்தில் ஓடுவதைவிட வாடகைக்கு ஓடுவதுதான் அதிகம். வண்டி நின்றால் வீட்டுச் செலவும் நின்றுவிடும்.

முதலில் வெறும் சொட்டுதான். காலையில் வண்டியை எடுத்தால், நின்ற இடத்தில் உள்ளங்கை அகலத்துக்கு மண் ஈரமாக இருக்கும். அம்மா பார்த்துவிட்டு, "ஓட்டையாடா? ரெண்டு கை மஞ்சத்தூள் போடு, அடைச்சிக்கும். உங்க மாமா லாரி ஓட்டுனப்போ அப்படித்தான் போடுவாரு" என்றார். போட்டேன். ஒழுகல் நின்றது. மூன்று நாள் நின்றது. மறுபடி ஒழுகியபோது மறுபடி மஞ்சள். அப்புறம் அதுவும் அலுத்துப்போய், தினமும் காலையில் போர்வெல் தண்ணீரைக் குடத்தில் பிடித்து ஊற்றுவது பழக்கமாகிவிட்டது. மாட்டுக்குத் தண்ணீர் காட்டுகிற மாதிரி வண்டிக்கும் காட்டினேன்.

எங்கள் போர் எழுநூறு அடி. அந்தத் தண்ணீரில் துவரம்பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது. வெந்நீர் போடும் அண்டாவின் உள்பக்கம் வெள்ளை வெள்ளையாகப் பொருக்குக் கட்டும். மாதம் ஒரு முறை என் மனைவி புளியைக் கரைத்துத் தேய்ப்பார். அண்டாவைத் தேய்க்கலாம். ரேடியேட்டருக்குள் விரல் நுழையாத தட்டைக் குழாய்கள் வரிசை வரிசையாக இருக்கின்றனவே, அவற்றுக்குள் யார் தேய்ப்பது?

நம் மாவட்டத் தண்ணீர் என்றாலே எல்லோருக்கும் ஃபுளோரைடு ஞாபகம்தான் வரும். அதற்காகத்தான் தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்துக்கும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்து, 2013-ல் தண்ணீரும் வந்தது. ஃபுளோரைடு பல்லையும் எலும்பையும் பிடிக்கும். ரேடியேட்டரைப் பிடிப்பது வேறு: தண்ணீரில் கரைந்திருக்கும் சுண்ணாம்பும் மக்னீசியமும். குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம் கடினத்தன்மைக்கு லிட்டருக்கு 200 மில்லிகிராம் என்கிறது. வேறு தண்ணீரே கிடைக்காத இடத்தில் 600 வரை போகலாமாம். அதைத் தாண்டும் போர்வெல்கள் நம் பக்கம் அபூர்வமில்லை. சூடு ஏறினால் இந்தச் சுண்ணாம்பு கரைந்த நிலையில் நிற்காது, பிரிந்து சுவரில் ஒட்டிக்கொள்ளும். ஒரு முறை ஊற்றிய தண்ணீரோடு விட்டால் அதில் இருக்கும் அளவோடு போகும். தினமும் ஆவியாகவும் சொட்டாகவும் தண்ணீர் வெளியேறி, தினமும் புதுத் தண்ணீர் ஊற்றினால், தினமும் புதுச் சுண்ணாம்பு. ஒழுகலைவிட, ஒழுகலுக்கு நான் செய்த வைத்தியம்தான் வண்டியைக் கெடுத்தது.

போன வருஷம் சித்திரையில் ஒரு நல்ல மழை. கோடை மழை பெய்தால் எங்கள் ஊரில் எல்லோருக்கும் அதே நாளில் உழவு வேண்டும். மண்ணைக் கிளறும் ரொட்டவேட்டரை மாட்டிக்கொண்டு காலை ஆறு மணிக்கு இறங்கியவன் பதினொன்றரைக்கு நாலாவது காட்டில் இருந்தேன். சூட்டு முள் சிவப்பைத் தொட்டது. இன்னும் ரெண்டு சால்தானே என்று ஓட்டினேன். மூன்றாவது சாலில் முன்னாலிருந்து வெள்ளையாக ஆவி. நிறுத்தினேன். என் அக்கா மகன் கூட இருந்தான், பத்தொன்பது வயது. "மாமா, தண்ணி இல்லபோல" என்று துண்டைச் சுற்றி மூடியைத் திருகினான்.

அந்த மூடி சாதாரணத் தகடு இல்லை. என் வண்டி மூடியில் 7 என்று பொறித்திருக்கும். சதுர அங்குலத்துக்கு 7 பவுண்டு அழுத்தம் வரை உள்ளே பிடித்து வைக்கும் என்று அர்த்தம். அந்த அழுத்தத்தில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்காது, 110-ஐத் தாண்டித்தான் கொதிக்கும். ஓசூர், தளிப் பக்கம் மேட்டுப் பூமி, திறந்த பாத்திரத்தில் 97 டிகிரியிலேயே கொதித்துவிடும். அங்கே ஓட்டுகிறவர்களுக்கு நல்ல மூடி இன்னும் முக்கியம். சூடாக இருக்கும்போது மூடியைத் திறந்தால் அழுத்தம் சட்டென்று விடுபடும். அதுவரை அடங்கிக் கிடந்த தண்ணீர் அந்த நொடியே கொதித்து ஆவியாக மேலே பாயும். பையனுக்கு முழங்கை வரை கொப்பளித்துவிட்டது. பத்து நாள் கட்டுப் போட்டுக்கொண்டு இருந்தான். அக்கா என்னோடு ஒரு மாதம் சரியாகப் பேசவில்லை. அவள் பேசாததில் தப்பு ஒன்றும் இல்லை.

அவனை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டு நான் செய்த அடுத்த காரியம் அதைவிட மடத்தனம். கொதிக்கிற என்ஜினில் குளிர்ந்த போர் தண்ணீரை ஒரு குடம் ஊற்றினேன். மறுநாள் ஆயில் கம்பியை இழுத்துப் பார்த்தால் பால் காபி நிறத்தில் இருந்தது. என்ஜினின் மேல்பாகமான ஹெட் வளைந்து, அதன் அடியில் கசிவைத் தடுக்கும் கேஸ்கெட் போய், தண்ணீர் ஆயிலில் கலந்துவிட்டது. ஹெட்டை லேத்தில் கொடுத்துச் சமப்படுத்தியது, கேஸ்கெட், ஆயில், கூலி எல்லாம் சேர்த்து 16,000 ரூபாய்க்கு மேல் ஆனது. உழவு ஓடாத இருபது நாள் வாடகை அந்தக் கணக்கில் இல்லை.

செய்திருக்க வேண்டியது இதுதான். முள் ஏற ஆரம்பித்ததுமே ரொட்டவேட்டரின் ஓட்டத்தைத் துண்டித்து, வண்டியை நியூட்ரலில் போட்டு, மெதுவாக ஓடவிட வேண்டும். மின்விசிறி சுற்றும், தண்ணீர் ஓடும், சூடு தானாக இறங்கும். தண்ணீரே இல்லை என்று தெரிந்தால் மட்டும் உடனே நிறுத்தலாம். அப்புறம் முக்கால் மணி நேரம் புளிய மர நிழலில் உட்கார்ந்துவிட வேண்டும். மூடியைக் கையால் தொட்டுப் பிடித்துக்கொள்ள முடிகிற அளவுக்கு ஆறிய பிறகுதான் அதைத் திறக்கலாம்.

முதலில் பார்த்த மெக்கானிக், ரேடியேட்டர் நன்றாகத்தான் இருக்கிறது என்று சொல்லி, தெர்மோஸ்டாட்டைக் கழற்றிக் கையில் கொடுத்தார். இது இல்லாவிட்டால் சூடே ஆகாதாம். நம் ஊரில் பாதி வண்டிகளில் அது இருக்காது. சுமார் 82 டிகிரி வரும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் நிறுத்தி, என்ஜினைச் சீக்கிரம் வேலைச் சூட்டுக்குக் கொண்டு வருவதுதான் அதன் வேலை. கழற்றிவிட்டால் என்ஜின் குளிர்ந்தே ஓடும், டீசல் கூடுதலாகக் குடிக்கும், உள்ளே தேய்மானம் ஏறும். அடைத்த ரேடியேட்டரும் அதனால் திறந்துவிடாது. ஒரே வாரத்தில் முள் மறுபடி சிவப்புக்கு வந்தது.

அப்புறம்தான் தர்மபுரியில் ரேடியேட்டர் பழுது பார்க்கும் பாய் ஒருவரிடம் போனேன். பத்துக்கு எட்டுக் கடை. வாசலில் ஒரு சிமெண்டுத் தொட்டி, அதில் கறுத்த தண்ணீர். ரேடியேட்டரின் இரண்டு வாயிலும் ரப்பர் அடைப்பு வைத்து, ஒரு பக்கம் காற்றுக் குழாயைச் செருகி, தொட்டிக்குள் அமுக்கினார். கீழ்த் தொட்டியும் பக்கத் தகடும் சேரும் மூலையில் குமிழி சரம் சரமாக வந்தது. வெறும் கண்ணுக்கு அந்த இடத்தில் ஒன்றுமே தெரியவில்லை, தலைமுடி மாதிரி ஒரு கோடு.

கேஸ் விளக்கைக் காட்டி ஈயத்தை உருக்கி மேல் தொட்டியைப் பிரித்தார். தட்டைக் கம்பி ஒன்றை முதல் குழாய்க்குள் விட்டார். நாலு அங்குலம் போய் நின்றது. மெதுவாக முன்னும் பின்னும் இழுத்துக் குத்தினார். முதலில் வெள்ளைப் பொடி, தோசைக்கல்லில் சுரண்டிய மாதிரி. அதற்குப் பின்னால் மஞ்சள் நிறத்தில் சேறு. விரலில் எடுத்து முகர்ந்து பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"என்னாணா, உள்ள கொழம்பு வெச்சீங்களா?"

கடையில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், வேறு என்ன செய்வது. மஞ்சள் தூள் ஓட்டையை மட்டும் தேடிப் போய் அடைக்காது. எங்கே ஓட்டம் மெதுவோ அங்கே படியும், சுண்ணாம்போடு சேர்ந்தால் இறுகிவிடும். முட்டை வெள்ளைக்கரு, சோப்பு, கடையில் டப்பாவில் விற்கிற அடைப்பு மருந்து, எல்லாவற்றுக்கும் அதே கதைதான். வழியில் நின்றுபோனால் வீடு வந்து சேர ஒரு நாளைக்கு உதவும். அதோடு சரி.

ஒவ்வொரு குழாயாகக் குத்த மத்தியானம் ஆகிவிட்டது. இரண்டு குழாய் திறக்கவே இல்லை, அவற்றை ஈயம் வைத்து மூடிவிட்டார். இரண்டு போனால் பரவாயில்லை, பத்துப் போனால் குழாய்களும் தகடுகளும் சேர்ந்த நடுப்பகுதியான கோரையே மாற்ற வேண்டும் என்றார். மூலையைச் சுரண்டிப் பளபளவென்று ஆக்கி, ஆசிட் தடவி, ஈயம் ஊற்றிப் பற்றவைத்தார். கடைசியில் சோடா உப்புக் கரைத்த தண்ணீரில் முழுதும் அலசினார். இதைக் கேட்டு வாங்குங்கள். ஆசிட் மிச்சம் இருந்தால் பற்றவைத்த இடமே அரித்துப்போகும். ஈயப் புகையில் நாளெல்லாம் நிற்கிறவர் முகத்துக்கு ஒரு கைக்குட்டைதான் கட்டியிருந்தார். 2,500 ரூபாய் கேட்டார், பேரம் பேச மனம் வரவில்லை.

பணத்தை வாங்கிக்கொண்டு அவர் கேட்ட கேள்விதான் முக்கியம். "அடியில ரப்பர் இருக்குதாணா?" ரேடியேட்டர் சட்டத்தில் உட்காரும் இடத்தில் கெட்டியான ரப்பர் வாஷர் இருக்க வேண்டும். வீட்டுக்கு வந்து பார்த்தேன். ஒரு பக்கம் பொடிந்து போயிருந்தது, இன்னொரு பக்கம் இல்லவே இல்லை. எப்போது விழுந்ததோ! இரும்பு மேல் இரும்பாக, மேட்டுக் காட்டிலும் கல்லிலும் ரேடியேட்டர் அதிர்ந்து அதிர்ந்து, அந்த மூலை விட்டுப்போனது. ரப்பர் போனதால் வெடிப்பு, வெடிப்பால் ஒழுகல், ஒழுகலுக்கு மஞ்சளும் போர் தண்ணீரும், அதனால் அடைப்பு, அடைப்பால் சூடு, சூட்டால் ஹெட்டும் பையனின் கையும். புது ரப்பர் ஜோடி அறுபது ரூபாய்.

இது பித்தளை ரேடியேட்டர் கதை. இப்போது வரும் பல வண்டிகளில் அலுமினிய கோர், மேலும் கீழும் பிளாஸ்டிக் தொட்டி. அதை இப்படி ஈயம் வைத்துப் பற்றவைக்க முடியாது. பசை பூசினால் தற்காலிகம்தான், பெரும்பாலும் மாற்றத்தான் வேண்டும். ஆகவே புது வண்டி வைத்திருப்பவர்கள் தண்ணீர் விஷயத்தில் என்னைவிடக் கவனமாக இருக்க வேண்டும். பாத்ரூம் கழுவும் ஆசிட்டை ஊற்றிச் சுத்தம் செய்கிறேன் என்று யாராவது கிளம்பினால் கையைப் பிடித்து நிறுத்துங்கள். சுண்ணாம்போடு அலுமினியத்தையும் தின்றுவிடும்.

இப்போது நான் ஊற்றுவது கூலண்ட், ரேடியேட்டருக்கென்றே கடையில் விற்கிற திரவம். கெட்டியான கூலண்ட் பாதி, பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்ட் வாட்டர் பாதி. கலந்தே விற்பதும் இருக்கிறது, அதில் மேலும் தண்ணீர் சேர்க்கக் கூடாது. என் வண்டிக்கு மொத்தம் எட்டு ஒன்பது லிட்டர் பிடிக்கிறது. கூலண்ட் தண்ணீரை உறையாமல் காப்பதுதானே, நம் ஊரில் தண்ணீர் உறைந்தா போகிறது, அது எதற்கு என்று கேட்கிறார்கள். நானும் கேட்டவன்தான். அதில் இருக்கும் மருந்து உள்ளே துருவையும் அரிப்பையும் தடுக்கிறது, கூலண்ட் கொதிநிலையையும் கொஞ்சம் ஏற்றுகிறது. நமக்கு வேண்டியது அதுதான். கூலண்ட் வாங்க முடியாத நாளில் சுத்தமாகப் பிடித்த மழைத்தண்ணீரோ டிஸ்டில்ட் வாட்டரோ ஊற்றி ஓட்டலாம், ஆனால் மருந்து இல்லாத வெறும் தண்ணீரை மாதக்கணக்கில் விடக் கூடாது. ஒகேனக்கல் தண்ணீர் வரும் ஊர்க்காரர்களுக்கு அது போரைவிட மேல். குடிக்க வந்த காவிரியை வண்டிக்கு ஊற்றினால் வீட்டில் திட்டு விழும், அது அவரவர் சாமர்த்தியம்.

ஒன்று மட்டும் மறக்கக் கூடாது. கூலண்ட் இனிக்கும், ஆனால் விஷம். பழைய கூலண்டை வடித்து வைத்த அகல வாளியில் எங்கள் வெள்ளாட்டுக் குட்டி வாய் வைக்கப் போனதை என் மனைவி பார்த்து விரட்டினார். நாயும் நக்கும். வடித்ததும் மூடி போட்ட கேனில் ஊற்றிவிடுங்கள், கிணற்றுப் பக்கமோ வாய்க்காலிலோ கொட்டாதீர்கள்.

உள்ளே சுண்ணாம்பு என்றால் வெளியே சுணை. மார்கழி, தை மாதத்தில் களத்தில் கேழ்வரகுக் கதிரைப் பரப்பி டிராக்டரைச் சுற்றி ஓட்டும்போதும், மெஷின் வைத்து அடிக்கும்போதும் பறக்கிற தூசு இருக்கிறதே, அத்தனையையும் மின்விசிறி முன்பக்கமிருந்து உறிஞ்சி ரேடியேட்டர் தகடுகளுக்குள் திணிக்கும். முன்னால் எங்காவது ஆயில் கசிந்தால் போச்சு, சுணையும் எண்ணெயும் சேர்ந்து அடை மாதிரி ஒட்டிவிடும், சோப்புத் தண்ணீர் இல்லாமல் போகாது. டீசல் எரிந்து வரும் சூட்டில் சுமார் மூன்றில் ஒரு பங்குதான் வேலையாகிறது, மற்றதெல்லாம் புகையோடும் ரேடியேட்டர் வழியாகவும்தான் வெளியே போக வேண்டும். அந்த வழியைச் சாக்குப் பை தொங்கவிட்டு அடைக்கிறவர்களும் இருக்கிறார்கள், தூசு போகாமல் இருக்கவாம். காற்றும்தான் போகாது. கழற்றி மாட்டுகிற மாதிரி ஒரு கம்பி வலை போதும். கொசுவலை அளவுக்குப் பொடிக்கண் வேண்டாம், அரை மணியில் அடைத்துக்கொள்ளும். களத்தில் வண்டியை நிறுத்தும்போது காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்து, தூசு முகத்தில் வராத பக்கம் நிறுத்துங்கள். மாலையில் காற்று அடித்துச் சுத்தம் செய்யும்போது மின்விசிறிப் பக்கமிருந்து முன்பக்கமாக அடிக்க வேண்டும். முன்னாலிருந்து அடித்தால் உள்ளே இருப்பதை இன்னும் உள்ளே தள்ளுகிறோம். கார் கழுவும் இடத்து வேகத் தண்ணீரை நேரே பிடித்தால் தகடு மடிந்துவிடும். மின்விசிறி பெல்ட்டைக் கட்டைவிரலால் அமுக்கினால் அரை அங்குலம் இறங்கலாம், அதற்கு மேல் தொய்ந்தால் இறுக்கணும்.

தங்களிடம் கேட்பது பெரிய காரியமில்லை. இணைப்பிதழில் அந்த வரியைத் திருத்தி, போர் தண்ணீர் வேண்டாம், சூட்டில் மூடி திறக்க வேண்டாம் என்ற இரண்டையாவது போடுங்கள். வேளாண்மைப் பொறியியல் துறை மாவட்டத்தில் இயந்திரப் பராமரிப்பு முகாம் நடத்துகிறது. அங்கே புது இயந்திரங்களை வரிசையாக நிறுத்திக் காட்டுவதோடு, என் பாய் மாதிரி ஒருவரை ஒரு தொட்டியோடு உட்காரவைத்து, அடைத்த ரேடியேட்டர் ஒன்றைப் பிரித்துக் காட்டச் சொல்லுங்கள். ஒரு முறை பார்த்தால் போதும், எவனும் மஞ்சள் போடமாட்டான். ஐ.டி.ஐ.யில் டிராக்டர் மெக்கானிக் படிக்கும் பிள்ளைகளையும் கூட்டி வந்தால் நல்லது. பாய்க்குப் பின்னால் அந்தக் கடையில் கம்பி பிடிக்க ஆள் இல்லை.

கடிதம் நீண்டுவிட்டது, தேவையானதை வெட்டிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
டிராக்டர் வைத்திருக்கும் ஒரு வாசகர்,
காரிமங்கலம்.

பின்குறிப்பு: பாய் சொல்லிக்கொடுத்த ஒரு சோதனை. என்ஜினை ஓடவிட்டு, ரேடியேட்டர் முன்னால் ஒரு தாளைப் பிடித்துக் கையை எடுத்தால், காற்று நன்றாகப் போகிற இடத்தில் தாள் ஒட்டிக்கொண்டு நிற்கும். நேற்று தங்கள் இணைப்பிதழின் டிராக்டர் பக்கத்தையே பிடித்துப் பார்த்தேன். மேல் பாதியில் ஒட்டியது, கீழே பிடித்தபோது நழுவி விழுந்துவிட்டது. நாளைக் காலையில் வலையைக் கழற்ற வேண்டும்.